விட்ட பீடியைத் திரும்பத் தொடாதிருக்க

(வளையமாதேவியில் நடைபெற்ற சுகாதாரக் கூட்டமொன்றில், நெய்வேலிச் சுரங்கத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற ஊர்க்காரர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



புகைபிடிக்கும் வழக்கத்தைப் பற்றி இன்று யாரேனும் ஒரு டாக்டர் வந்து பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் டாக்டர் அல்லேன். 1975ஆம் ஆண்டு முதல் 2006ஆம் ஆண்டு வரை, நடுவே 14 மாதங்கள் நீங்கலாக, நாள்தோறும் பீடியும் சம்பளத் தேதியில் சிகரெட்டும் பிடித்து வந்தவன். இவ்வூரில் என்னிடம் தீப்பெட்டி கடன் வாங்காதவர்கள் அந்நாளில் மிகச் சிலரே இருந்திருப்பார்கள். ஆகவே, இப்பழக்கத்தைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு உண்டு என்று கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்கள் கருதினார்கள் போலும்.

பீடி கெடுதல் என்பதை உங்களுக்கு மெய்ப்பிக்க நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அதைப் பிடிக்கிறவனுக்கே அது நன்றாகத் தெரியும். காலையில் எழுந்ததும் இருமுகிறவன் அவன்தானே! விடுவது எப்படி என்பதும் ஒருவாறு தெரிந்த விஷயமே; நம் ஊரில் பீடியை ஒருமுறையேனும் விடாதவர் யார்? மாலையணிந்து மலைக்குப் போகிற மாதத்தில் விடுகிறோம், காய்ச்சலில் விடுகிறோம், வீட்டாருடன் சண்டை வந்தால் ரோசத்தில் விடுகிறோம். விட்ட பிறகு விட்டபடியே இருப்பதுதான் நம்மால் ஆகவில்லை. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் நான் எப்படிக் கற்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் தகப்பனார் ஏரோட்டிவிட்டு வரப்பில் வந்து உட்காருவார். "அடுப்பில் பற்றவைத்துக் கொண்டு வாடா" என்று பீடியைக் கொடுத்தனுப்புவார். கொள்ளியில் வைத்தால் மட்டும் பீடி பற்றாது. ஓர் இழுப்பு இழுத்தால்தான் பற்றும். வீட்டுக்கும் வயலுக்கும் இடையே அது அணைந்துபோகாமல் இருக்க இன்னும் இரண்டு இழுப்பு இழுக்க வேண்டும். அப்போது எனக்கு ஒன்பது வயதிருக்கும். அவர் என்னைக் கெடுக்க வேண்டும் என்று நினைத்தவர் அல்லர். அந்நாளில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பதினேழாவது வயதில் நானே காசு கொடுத்துக் கட்டு வாங்கத் தொடங்கினேன்.

1980இல் சுரங்க வேலையில் சேர்ந்தேன். கன்வேயர் பட்டையை ஒட்டிய வேலை. 1957இல் பண்டித நேரு தொடங்கிவைத்த சுரங்கம் அது என்பதில் எனக்கு அப்போது பெருமை அதிகம். பழுப்பு நிலக்கரி காற்றுப் பட்டாலே சூடேறித் தானாகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. அதற்காகவே தண்ணீரைப் பீய்ச்சியபடி இருப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் தீக்குச்சி கிழிப்பது பெருங்குற்றம். ஆகையால் வேலை நேரத்தில் அடக்கிக்கொண்டு, மேலேறி வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு பீடி பிடிப்பேன். இரவு ஷிப்டில் தூக்கத்தை விரட்ட ஒன்று, பசியை மறக்க ஒன்று, மேற்பார்வையாளர் மீதுள்ள கோபத்துக்கு ஒன்று. எட்டு மணி நேரம் அடக்க முடிந்தவனுக்கு எட்டு நாள் அடக்க முடியாமற் போனது ஏன் என்று பின்னாளில் நானே வியந்ததுண்டு. காரணம் எளியது. அடக்குகிறபோது, இன்ன நேரத்தில் கிடைக்கும் என்ற நிச்சயம் இருந்தது.

பீடி இலையில் சுற்றியது, காகிதத்தில் சுற்றிய சிகரெட்டைப் போல் கெடுதல் இல்லை என்று இன்றும் சிலர் வாதாடுகிறார்கள். அது தவறு. பீடியில் புகையிலை குறைவுதான். ஆனால் அதன் மேலுறையான இலை காற்றை எளிதில் உள்ளே விடாது. அணையாமல் வைத்திருக்க அடிக்கடி ஆழ்ந்து இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் நிகோடின், தார், கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு ஆகியவை சிகரெட்டுக்குச் சமமாகவோ அதனினும் மிகுதியாகவோ உடலிற் சேருகின்றன.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1993 வரை நம்மோடு ஒரே தென்னார்க்காடு மாவட்டமாக இருந்த விழுப்புரத்துக் கிராமங்களிலும் சென்னை நகரிலும் ஓர் ஆராய்ச்சி நடந்தது. டாக்டர் கஜலட்சுமியும் அவருடைய கூட்டாளிகளும், இறந்துபோன 43,000 ஆண்களின் குடும்பத்தாரைக் கண்டு, அவர்கள் புகைபிடித்தவர்களா என்று விசாரித்தார்கள். உயிரோடிருந்த 35,000 ஆண்களையும் விசாரித்து ஒப்பிட்டார்கள். முடிவு 2003இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளியாயிற்று. புற்றுநோயும் மாரடைப்பும் எல்லோரும் எதிர்பார்த்தவையே. எதிர்பாராதது க்ஷயரோகம். புகைபிடிப்பவர் காசநோயால் இறப்பது, பிடிக்காதவரைக் காட்டிலும் ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகமாக இருந்தது. சிகரெட் மிகுந்த சென்னையிலும் சரி, பீடி மிகுந்த விழுப்புரத்துக் கிராமங்களிலும் சரி, கணக்கு அநேகமாக ஒன்றுதான். என் தகப்பனார் 1997இல் காசநோயில்தான் போனார். அப்போது அதை விதி என்றோம்.

அவருடைய தவசம் முடிந்து, 1998 பொங்கலன்று பீடியை விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, சொல்லித் தோற்றால் சிரிப்பார்களே என்ற அச்சம். பல்லைக் கடித்துக்கொண்டு 14 மாதங்கள் இருந்தேன். முதல் மூன்று மாதங்களுக்குப் பிறகு அந்த நினைப்பே அநேகமாக வரவில்லை. என்னைப் போல் மனவுறுதி உடையவன் இவ்வட்டாரத்தில் இல்லை என்றும் எண்ணிக்கொண்டேன்.

1999 மார்ச் மாதத்தில் என் அக்காளுடைய கணவர் திடீரென்று காலமானார். வெள்ளாற்றங்கரையில் தகனம். சிதை எரிந்துகொண்டிருக்கையில் ஆண்களெல்லாம் ஓரமாகக் குந்தியிருந்தோம். ஒரு கட்டுப் பீடி கைமாறி வந்தது. பக்கத்தில் இருந்தவர், "ஒன்றே ஒன்று, மாமா, மனசு ஆறும்" என்றார். அவர் நல்லெண்ணத்தோடுதான் நீட்டினார். நானும் ஒன்று பிடித்தேன். உண்மையைச் சொல்லுகிறேன், அது சுவைக்கவில்லை. தலை சுற்றியது, இருமல் வந்தது. 'பார், எனக்கு இது பிடிக்கவேயில்லை, ஆகையால் இனி அபாயம் இல்லை' என்று அதிலிருந்து ஒரு தப்பான முடிவுக்கு வந்தேன். பதினாறாம் நாள் காரியத்தில் இரண்டு. அடுத்த சம்பளத் தேதிக்குள் ஒரு கட்டு. ஏழாண்டுகள் மறுபடியும் போயின.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஒரு பீடியைக் காட்டிலும், அதற்குப் பிறகு நான் நினைத்த நினைப்புத்தான் என்னைக் கெடுத்தது. பதினாறாம் நாளுக்கு அப்புறம், 'எப்படியும் கெட்டாயிற்று, இனி என்ன' என்று விட்டுவிட்டேன். களத்தில் ஒரு மரக்கால் நெல் சிந்திவிட்டால் மூட்டையையே கொட்டிவிடுகிறவன் உண்டா? புகை விஷயத்தில் மட்டும் நாம் அப்படித்தான் செய்கிறோம். ஒன்று பிடித்துவிட்டவன், மறுநாளே பழையபடி நிறுத்தி, எந்த இடத்தில், யார் கொடுத்து, என்ன மனநிலையில் வாங்கினோம் என்று எண்ணிப் பார்த்திருந்தால், என் ஏழு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

ஒரு விவரமும் அந்நாளில் எனக்குத் தெரியாது. உதவி எதுவுமின்றித் தாமாகவே விட முயல்கிறவர்களில், நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான் ஓராண்டு அளவில் பழையபடி போகாமல் நிற்கிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள். விட்டு வெற்றி பெற்றவர்களிலும் பெரும்பாலோர் பலமுறை விட்டுத் தவறியவர்களே. இது தெரிந்திருந்தால் நான் வெட்கப்பட்டிருக்க மாட்டேன். வெட்கந்தான் என்னை அடுத்த முயற்சி செய்யவொட்டாமல் தடுத்தது.

2006ஆம் ஆண்டில் என் மனைவிக்கு மூச்சிரைப்பு வந்தது. பீடியைக் கையாலும் தொட்டறியாதவள். பரிசோதித்த டாக்டர் அவளை ஒன்றும் கேட்கவில்லை. என் சட்டைப் பையைப் பார்த்தார். "வீட்டுக்குள் எத்தனை பிடிப்பீர்?" என்றார். நான் விழித்தேன். அவள்தான், "படுக்கப் போகுமுன் இரண்டு, எழுந்ததும் ஒன்று" என்று கணக்காகச் சொன்னாள். இருபத்தைந்து ஆண்டுகளாக அவள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இம்முறை ஊரறியச் சொல்லிவிட்டு விட்டேன். ஒரு சனிக்கிழமை இரவு தீப்பெட்டி, மிச்சக் கட்டு, மாடத்தில் ஒளித்த அரைக்கட்டு யாவற்றையும் குழிதோண்டிப் புதைத்தேன். ஐந்து நாள் லீவு எழுதிக் கொடுத்திருந்தேன்.

அந்த ஐந்து நாட்களைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. கஷ்டந்தான். நிகோடின் என்னும் பொருள் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் இரத்தத்திற் பாதியாகக் குறைந்துவிடுகிறது. அதனால்தான் பீடிக்காரனுக்கு மணிக்கொருதரம் கை பரபரக்கிறது. மூன்று நாட்களில் அநேகமாக முழுவதும் நீங்கிவிடும். அந்த வாரந்தான் உடம்பு மிகவும் முரண்டு பிடிக்கும். தூக்கமில்லை, மலச்சிக்கல், பேரப்பிள்ளையின் அழுகைக்குக்கூடக் கோபம். இருமல் குறைவதற்குப் பதில் சில நாள் கூடிற்று. மடங்கிக் கிடந்த நுரையீரல் தன்னைத் துப்புரவு செய்துகொள்கிறது என்று பின்னர் அறிந்தேன். தேநீர் குடித்தால் கை நடுங்கிற்று. அதற்கும் காரணம் உண்டு. புகைபிடிக்கிறவன் உடம்பு தேநீரிலும் காப்பியிலும் உள்ள காபீனை விரைவாகக் கரைத்துவிடும். புகையை நிறுத்தினால் அதே தேநீர் இரட்டிப்பாக வேலை செய்யும். ஆகவே, விடுகிறவர்கள் அந்த வாரம் தேநீரைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு வாரங்களில் இத்தொல்லைகளிற் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

ஆசை எழும்பினால் அது ஓயாமல் நீடிக்கும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. அது அலைபோல் வந்து, சில நிமிஷங்களில் தணிந்துபோகும். பிடித்தாலும் தணியும், பிடிக்காவிட்டாலும் தணியும். நான் அந்த நிமிஷங்களில் வாய்க்கால் வரை நடந்து போய்க் கால் கழுவிவிட்டு வருவேன். ஊரார், இவனுக்குப் புதிதாக என்ன வேண்டுதல் என்று கேட்டார்கள்.

நான் வெறுங்கையோடு போராடினேன். நீங்கள் அவ்விதம் போராட வேண்டிய அவசியமில்லை. நிகோடின் கலந்த மெல்லும் பசை இப்போது மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அதை மிட்டாய்போல் மென்று தள்ளக் கூடாது. சிறிது மென்று, நாவில் காரம் தட்டியதும் கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். இத்தகைய உதவியால் வெற்றி பெறுவோர் தொகை ஒன்றரை மடங்காகிறது என்று பல ஆராய்ச்சிகளிற் கண்டிருக்கிறார்கள். வேறு மாத்திரைகளும் உண்டு. அவற்றை டாக்டரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். 1800-11-2356 என்னும் எண்ணுக்குக் காசில்லாமல் தொலைபேசியிற் பேசி ஆலோசனை பெறலாம். இவ்வெண் 2018 முதல் சிகரெட், பீடி உறைகளின் மேலேயே அச்சாகி வருகிறது. நம்மில் பலர் அதை நாள்தோறும் கையில் வைத்துக்கொண்டே படிக்காமல் இருந்திருக்கிறோம்!

வயதாகிவிட்டது, இனி விட்டு என்ன பயன் என்று கேட்கும் என் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் டால், ஹில் என்னும் இரு விஞ்ஞானிகள் 1951இல் சுமார் 34,000 ஆண் டாக்டர்களிடம் புகைப்பழக்கத்தைக் கேட்டறிந்தார்கள்; அவ்வாராய்ச்சி 50 ஆண்டு தொடர்ந்தது. கடைசிவரை பிடித்தவர்கள் சராசரி 10 ஆண்டு முன்னதாக மறைந்தார்கள். 60 வயதில் விட்டவர்கள் அவற்றில் 3 ஆண்டுகளையும், 50இல் விட்டவர்கள் 6 ஆண்டுகளையும், 40இல் விட்டவர்கள் 9 ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டார்கள். 30இல் விட்டவர்களுக்கு அநேகமாக நஷ்டமே இல்லை. டால் அவர்களே புகையை விட்டவர்தாம். நான் 48இல் விட்டேன்; எனக்குரிய பங்கு எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இனி, விட்ட பின் நிலைப்பது. சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு ஒன்று தெரியும். நெய்வேலி நிலக்கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. மேலே மண்ணை அகற்றினால், அது அடித்தளத்தையே பிளந்துகொண்டு மேலெழும்பிவிடும். ஆகவே, சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் வைத்து இரவும் பகலும் இறைக்கிறார்கள். பம்புகளை நிறுத்தலாம் என்று எந்த எஞ்சினீயரும் சொல்வதில்லை. பல ஆண்டுகளாக ஒன்றும் நேரவில்லையே என்றும் சொல்வதில்லை. ஒன்றும் நேராததற்குக் காரணமே இறைப்பதுதான். (அதனால் நம் கிணறுகளில் நீர் கீழே போனது வேறு கதை, அதைப் பேச வேறு கூட்டம் இருக்கிறது.)

1998இல் நான் செய்த பிழை, மூன்று மாதத்தில் பம்பை நிறுத்தியது. 2006க்குப் பிறகு அப்படிச் செய்யவில்லை. சட்டைப் பையில் பீடியிருந்த இடத்தில் கொஞ்சம் ஓமம் வைத்துக்கொண்டேன். சாப்பிட்டதும் திண்ணைக்குப் போகாமல் பாத்திரம் கழுவ உட்கார்ந்தேன். என் மனைவி முதலில் அதைச் சந்தேகத்தோடுதான் பார்த்தாள். முதல் ஆறு மாதங்கள் அந்தத் தேநீர்க் கடைப் பெஞ்சில் உட்காரவில்லை. சாவு வீட்டுக்குப் போனால் பெண்கள் பக்கம் உள்ள வாசலில் நின்றேன். அங்கே பீடி வராது. கேலி செய்தார்கள். ஒவ்வொரு சாவுக்கும் கல்யாணத்துக்கும் போவதற்கு முன்பே, நீட்டினால் என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். "விட்டுவிட்டேன், தம்பி" என்ற இரண்டு சொற்களே போதும். காரணம் சொல்லத் தொடங்கினால் வாதம் வளரும். வாதத்தில் பீடிக்காரன் தோற்பதில்லை.

பதினேழு ஆண்டுகள் அவ்விதம் சென்றன. 2023 ஜூலை 26ஆம் தேதி, பரவனாற்றுக் கால்வாய் வேலைக்காகப் பயிர் நின்ற நம் வயல்களில் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கியது உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். அதன் நியாய அநியாயத்தை இம்மேடையில் நான் எடுத்துப் பேசவில்லை. அன்று சாலையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, ஓர் இளைஞன் அழுதுகொண்டே சிகரெட்டைப் பற்றவைத்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கும் ஒன்று நீட்டினான். கை தானாகப் போய் வாங்கிக்கொண்டது. பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகும் விரல்களுக்கு அதைப் பிடிக்கும் விதம் மறக்கவில்லை.

வாயில் வைக்கவில்லை. அது என் மனவுறுதி என்று நான் சொல்லமாட்டேன். வெள்ளாற்றங்கரை நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான். இந்தப் பயிர் எனக்குத் திரும்பி வராது, இந்தச் சிகரெட் மட்டும் நாளைக்கும் வரும் என்று தோன்றிற்று. அதை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த மாதங்களில் நம் ஊரில் பீடியை விட்டிருந்த பலர் மறுபடி பிடிக்கத் தொடங்கினார்கள். நான் அவர்களைக் குறைகூற மாட்டேன். துக்கத்தில் தவறியவர்கள் அவர்கள். ஆனால் துக்கம் தணிந்த பிறகும் பீடி தங்கிவிட்டதே, அதற்குத்தான் இப்போது வழி தேட வேண்டும்.

மற்றவர்களிடம் இரண்டொரு வேண்டுகோள். கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டோடு சிகரெட் வைக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள்; சாவு வீட்டில் கட்டுப் பீடியைச் சுற்றுக்கு விடாதீர்கள். பொது இடத்தில் புகைப்பது 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் தடுக்கப்பட்டிருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்குப் புகையிலைப் பொருளை விற்பதும், பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் விற்பதும் சட்டப்படி குற்றம். பெட்டிக்கடைக்காரர்கள் நம் உறவினர்களே. சண்டையிட வேண்டியதில்லை, எடுத்துச் சொன்னால் போதும். எல்லாவற்றிலும் முக்கியமாக, உங்கள் பீடியை வாங்கிவரப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். நீங்களே நடந்து போய் வாங்குங்கள். பாதிப் பேருக்கு அந்த அலுப்பிலேயே ஒரு பீடி குறையும்.

விடுகிறவர்களுடைய வீட்டுப் பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் அவர் எரிந்து விழுவார். அதற்காக, "நீங்கள் பீடியே பிடித்துத் தொலையுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் மனைவி மூன்றாம் நாள் அப்படிச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாளாம், பின்னால் சொன்னாள்.

தவறியவர்களும், இனித்தான் விடப்போகிறவர்களும் தனியாக இருக்க வேண்டாம். மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை பலருக்குக் கடினமான வேளை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. திங்கட்கிழமை முதல் அந்நேரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நான் இருப்பேன். தாயக்கட்டை இருக்கிறது, வேர்க்கடலை இருக்கும். பேச விருப்பமில்லாதவர்கள் பேசாமலே உட்கார்ந்திருக்கலாம். தீப்பெட்டியை மட்டும் வாசலில் என் மனைவியிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும். அவள் எண்ணி வைத்துக்கொள்வாள்.